ஃபிரீசர் பப்ஸ் ஏர் ஃபிரையரில் மேலே கருகுது, உள்ளே மாவாகவே நிற்குது, வழி சொல்லுங்க

கருங்கல்_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். கருங்கல் பக்கம் இருக்கிறேன். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், வேன் ஏழே முக்காலுக்கு வாசலில் வந்து ஹாரன் அடித்துவிடும். புட்டும் பயறும், தோசை, இடியாப்பம் எல்லாம் வழக்கம்போல நடக்கிறது, ஆனால் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வேறு ஏதாவது வேண்டும் என்று கேட்கிறார்கள். அதனால் நாகர்கோவில் போகும்போது சூப்பர் மார்க்கெட் ஃபிரீசரில் இருக்கும் வெஜ் பப்ஸ், சிக்கன் பப்ஸ், சாக்லேட் வைத்த குரோசான் எல்லாம் வாங்கி வந்து வைத்துக்கொள்கிறேன். வீட்டில் பேக்கிங் அவன் (oven) கிடையாது, நாலு லிட்டர் ஏர் ஃபிரையர் ஒன்றுதான் இருக்கிறது.

பாக்கெட்டில் 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் என்று போட்டிருக்கிறது. அப்படியே வைத்தால் பத்து நிமிடத்திலேயே மேல்பக்கம் கருக ஆரம்பிக்கிறது, பிட்டுப் பார்த்தால் நடுவில் வெள்ளை மாவு, பச்சை வாசம், மசாலா சில்லென்று இருக்கிறது. சரி, ஐஸ் போகட்டும் என்று ராத்திரியே எடுத்துச் சமையலறை மேடையில் வைத்தால் காலையில் எண்ணெய் கசிந்து கிடக்கிறது, சுட்டால் உப்பவே இல்லை, பிஸ்கட் போலத் தட்டையாக வருகிறது. இன்னொன்று, ஒரே கம்பெனி, ஒரே சூடு, ஒரே நேரம், ஆனாலும் ஒரு தடவை வாங்கிய பாக்கெட் அருமையாக அடுக்கடுக்காக வருகிறது, அடுத்த தடவை வாங்கியது அடுக்கே பிரியாமல் கட்டியாக நிற்கிறது. அப்புறம் டிபன் பாக்ஸில் போட்டு அனுப்பினால் இடைவேளைக்குள் நமுத்துப் போகிறது என்று இரண்டு பேரும் திருப்பிக் கொண்டு வருகிறார்கள். எத்தனை டிகிரி வைக்க வேண்டும், ஐஸ் இளக விட வேண்டுமா வேண்டாமா, செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்_பேக்கரி:

தங்கச்சி, நான் பேக்கரியில் பப்ஸ் அடுப்பில் ரொம்ப வருடம் நின்றவன், இப்போது வீட்டில் ஏர் ஃபிரையரிலும் போடுகிறேன், அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் 200 டிகிரி பெரிய அவனுக்கான கணக்கு. அங்கே கம்பி தூரத்தில் இருக்கும், மேலேயும் கீழேயும் சூடு வரும். ஏர் ஃபிரையரில் சூடாகும் கம்பி பப்ஸின் தலைக்கு நாலு விரல் மேலே, அதற்கும் மேலே ஃபேன். காற்று வேகமாக அடிப்பதால் மேல்தோல் சீக்கிரம் காய்ந்து சிவந்துவிடுகிறது, உள்ளே இருக்கும் ஐஸ் உருகுவதற்கே நேரம் போதவில்லை. அதனால் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். மூன்று நிமிடம் காலியாக ஓடவிட்டுச் சூடாக்குங்கள், அப்புறம் 160 டிகிரியில் 12 நிமிடம். இது உள்ளே வேகுவதற்கு. அதன் பிறகு 180க்கு ஏற்றி மூன்று நாலு நிமிடம். இது நிறத்துக்கு. முதல் எட்டு நிமிடம் கூடையை இழுத்துப் பார்க்காதீர்கள், அடுக்கு எழும்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. பத்தாவது நிமிடம் ஒரு தடவை திருப்பிப் போட்டால் அடிப்பக்கமும் காயும். நாலு லிட்டர் கூடையில் நாலு பப்ஸ்தான் வைக்க வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது, காற்று போக இடம் இல்லையென்றால் எத்தனை நிமிடம் வைத்தாலும் பக்கவாட்டில் மாவாகவே நிற்கும்.

ஐஸ் விடவே வேண்டாம். ஃபிரீசரில் இருந்து நேராகக் கூடைக்குப் போக வேண்டும், ஏனென்று சொல்கிறேன். பப்ஸ் மாவு என்பது மைதா மாவுக்கு நடுவில் கொழுப்பை வைத்து மடித்து மடித்துத் தேய்ப்பது. மூன்றாக மடித்து நாலு தடவை தேய்த்தாலே கொழுப்பு 81 அடுக்காகிவிடும். சூடு பட்டதும் மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி அந்த அடுக்குகளுக்கு நடுவில் இருந்து மேலே தள்ளும், அப்படித்தான் உப்புகிறது. இது நடக்க வேண்டுமானால் சூடு படும் அந்த நிமிடம் வரைக்கும் கொழுப்பு கட்டியாக இருக்க வேண்டும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும், பேக்கரியில் போடும் பப்ஸ் மார்ஜரின் இன்னும் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். சித்திரை மாதத்தில் நம் ஊர் சமையலறை ராத்திரி முழுக்க என்ன சூட்டில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கொழுப்பு இளகி மாவுக்குள் இறங்கிவிட்டால் அடுக்கு என்ற ஒன்றே இல்லை, அப்புறம் எந்தச் சூட்டில் வைத்தாலும் எழும்பாது. நீங்கள் பார்த்த எண்ணெய்க் கசிவு அதுதான்.

ஒரு தடவை நன்றாக வந்து அடுத்த தடவை வராமல் போவதற்கும் இதே காரணம் என்றுதான் நினைக்கிறேன். கடையில் இருந்து வீட்டுக்கு எப்படிக் கொண்டு வருகிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லுங்கள்.

கருங்கல்_அம்மா:

ரொம்ப நன்றி அண்ணா, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. கொண்டு வருவது பஸ்ஸில்தான். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிவிட்டு, அப்புறம் துணிக்கடை, மருந்துக்கடை, பிள்ளைகளுக்கு நோட்டு என்று சுற்றிவிட்டு வடசேரியில் பஸ் ஏறுவேன். பஸ்ஸே ஒரு மணி நேரம் ஆகிவிடும். சில நாள் அவர் பைக்கில் போய் வாங்கிக்கொண்டு நேராக வந்துவிடுவார். நினைத்துப் பார்த்தால் அவர் வாங்கி வந்த பாக்கெட்தான் நன்றாக வந்தது போல இருக்கிறது. துணிப்பையில் போட்டுத்தான் வருகிறது, வேறு எதுவும் செய்வதில்லை.

குளச்சல்_கடற்கரை:

அக்கா, அப்படியானால் காரணம் அந்தத் துணிப்பையில்தான் இருக்கிறது. நாங்கள் மீன் வீடு, ஐஸ் விஷயம் கொஞ்சம் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் கடையில் பார்க்க வேண்டியது. பாக்கெட்டை எடுத்துக் காது பக்கத்தில் குலுக்குங்கள், உள்ளே பப்ஸ் தனித்தனியாகக் கடகடவென்று ஆட வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தால், அல்லது பாக்கெட்டுக்குள் பனித்தூள் மொத்தமாகப் படிந்திருந்தால், வழியிலோ கடையிலோ ஒரு தடவை இளகி மறுபடி உறைந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அதை எடுக்காதீர்கள். ஃபிரீசருக்குள் மேலே குவித்து வைத்திருப்பதை விட்டுவிட்டு அடியில் இருப்பதை எடுங்கள். மற்ற எல்லா வேலையும் முடித்துவிட்டுக் கடைசியாக ஃபிரீசர் சாமான் வாங்குங்கள்.

கொண்டு வருவதற்குச் சின்ன தெர்மாகோல் பெட்டி போதும், மீன் கட்டுகிற பெட்டியிலேயே சின்னது கிடைக்கும், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். வெறும் ஐஸ் வைத்தால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போகாது. பாக்கெட்டோ மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய சாமான். ஐஸைப் பொடித்து ஒரு கை கல்லுப்பு கலந்து கெட்டியான பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழே நன்றாக இறங்கும், குல்ஃபிக்காரர்கள் பானையில் செய்வதும் இதுதான். உப்புத் தண்ணீர் பாக்கெட்டில் படாமல் இரண்டு கவராகக் கட்டுங்கள். பப்ஸ் பாக்கெட் எல்லாவற்றையும் நெருக்கிச் சேர்த்து, நாலு தாள் பேப்பரில் சுற்றி, நடுவில் வைத்து, காலி இடத்தில் பேப்பரைக் கசக்கித் திணித்து மூடிவிட்டால் வடசேரியில் இருந்து கருங்கல் வரைக்கும் கல்லாகவே வந்து சேரும்.

சிக்கன் பப்ஸ் மட்டும் ஒரு விஷயம். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது மெத்தென்று இளகி, குளிர்ச்சியும் போயிருந்தால் மறுபடி ஃபிரீசரில் வைத்து இன்னொரு நாள் சுடலாம் என்று நினைக்காதீர்கள். வெஜ் என்றாலும் உப்பாது, மசாலாவும் கெடலாம். கறி வைத்தது கெட்டுவிடும், பிள்ளைகள் சாப்பிடுகிற சாமான்.

மஸ்கட்_நாகர்கோவில்:

குரோசான் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இங்கே மஸ்கட்டில் காலைச் சாப்பாட்டுக்கு இதுதான் பெரும்பாலும், எல்லா வகையும் சுட்டுப் பார்த்தாயிற்று.

ஃபிரீசர் குரோசான் என்று விற்பதில் மூன்று வகை இருக்கிறது, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் எந்தக் கணக்கும் போடாதீர்கள். ஒன்று, ஏற்கெனவே முழுக்கச் சுட்டு உறைய வைத்தது. அதற்குச் சூடு காட்டினால் போதும், 150 டிகிரியில் ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும், கூடினால் காய்ந்து நொறுங்கிவிடும். இரண்டாவது, மாவைப் புளிக்க வைத்து உப்பிய பிறகு உறைய வைத்தது, நேராக அவனில் வைக்கலாம் என்று போட்டிருக்கும். இது ஃபிரீசரில் இருந்து நேராக, 150 முதல் 160 டிகிரிக்குள், 12 முதல் 15 நிமிடம். சாக்லேட் வைத்தது பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். மூன்றாவது வகைதான் ஆளை ஏமாற்றும். சின்னதாக, கனமாக, சுருட்டிய மாவாக இருக்கும், ஈஸ்ட் இன்னும் வேலையே செய்திருக்காது. இதை ராத்திரி தட்டில் இடைவெளி விட்டு வைத்து மூடி, காலையில் இரண்டு மடங்காக உப்பிய பிறகுதான் சுட வேண்டும். அப்படியே வைத்தால் கருங்கல் அக்கா சொன்னது போலவே வெளியே கருப்பு, உள்ளே பச்சை மாவு. இலவங்கப்பட்டை ரோல் வாங்கினாலும் இதே மூன்று கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேக்கரி அண்ணன் ஐஸ் விட வேண்டாம் என்று சொன்னது பப்ஸுக்கு நூறு சதவீதம் சரி, ஆனால் இந்த மூன்றாவது வகைக் குரோசானுக்குப் பொருந்தாது. அதே சமயம் நம் ஊர்ச் சூட்டில் ராத்திரி முழுக்க வெளியே வைத்தால் இதிலும் வெண்ணெய் ஓடிவிடும். ராத்திரி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து ஐஸ் விட்டு, காலையில் எழுந்ததும் வெளியே எடுத்து உப்பவிடுங்கள், 25 அல்லது 26 டிகிரிக்கு மேல் போகாத இடமாக இருந்தால் நல்லது. இவ்வளவு வேலை பள்ளி நாளில் ஆகாது, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, லேசான குரோசானை ஃபேன் தூக்கி அடிக்கும். மேல் அடுக்கு பிரிந்து கம்பிப் பக்கம் வளைந்து போய்க் கருகும். கூடையோடு வந்த சின்னக் கம்பி ஸ்டாண்டை அதன் மேல் கவிழ்த்து வைத்தால் அசையாமல் நிற்கும். சாக்லேட், ஜாம் வைத்ததைச் சுட்டதும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். வெளியே ஆறியிருக்கும், உள்ளே இருக்கும் சர்க்கரைக் குழம்பு நாக்கைப் பொத்துவிடும். ஐந்து நிமிடமாவது ஆறட்டும்.

குலசேகரம்_வயரிங்:

எல்லோரும் டிகிரி சொல்கிறீர்கள், கரண்ட் பற்றியும் ஒரு வார்த்தை. நான் வயரிங் வேலை பார்ப்பவன்.

ஏர் ஃபிரையர் 1500 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சமையலறையில் மிக்ஸிக்கு இருக்கும் 6 ஆம்ப் பிளக்கில் இது மாட்டக் கூடாது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கண்டிப்பாகக் கூடாது. பிளக்கைத் தொட்டால் சூடாக இருக்கிறது, பிளாஸ்டிக் மஞ்சளாகிறது என்று கூப்பிடும் வீடுகளில் பார்த்தால் இந்த மாதிரிச் சாமான்தான் மாட்டியிருக்கிறது. 16 ஆம்ப் சாக்கெட் தனி வயரில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது லோ வோல்டேஜ். மலையோரப் பக்கம் மழை நேரத்தில் 190க்குக்கூட இறங்குவதை மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். வோல்டேஜ் குறைந்தால் சூடும் அதே அளவுதான் குறையும் என்று நினைப்பார்கள், அப்படி இல்லை. 190 வோல்ட்டில் அந்த 1500 வாட் கம்பி கிட்டத்தட்ட 1000 வாட்தான் கொடுக்கும், அதாவது மூன்றில் ஒரு பங்கு போய்விடும். திரையில் 160 என்று காட்டும், ஆனால் அந்தச் சூட்டுக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். அதனால் மழைநாளில் ஒரே கணக்கில் வைத்து வேகவில்லை என்றால் மெஷினைக் குறை சொல்ல வேண்டாம், முன்சூட்டை ஐந்து நிமிடமாக்கி, 160இல் இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். வீடுகளில் இருக்கும் 900 விஏ இன்வெர்ட்டர் இந்தச் சுமையைத் தாங்காது, அதில் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

கரண்ட் பில் பயப்படும் அளவுக்கு இல்லை. இருபது நிமிடம் விடாமல் ஓடினாலும் அரை யூனிட், நடுவில் கம்பி அணைந்து அணைந்து எரிவதால் அதிலும் குறையும்.

தக்கலை_டீச்சர்:

மக்களே, டிபன் பாக்ஸ் விஷயத்துக்கு நான் வருகிறேன், அதற்கு யாரும் பதில் எழுதவில்லை. நமுத்துப் போவது ஏர் ஃபிரையரால் இல்லை. சுட்ட பப்ஸ் உள்ளே இருந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். சூட்டோடு எவர்சில்வர் பாக்ஸில் போட்டு மூடினால் அந்த ஆவி மூடியில் தண்ணீராகி அதன் மேலேயே சொட்டும். தட்டில் வைத்து ஆறவிட்டாலும் அடிப்பக்கம் வியர்த்துவிடும். என் வீட்டில் இடியாப்பத் தட்டைக் கவிழ்த்து, பிரம்புப் பின்னல் மேலே வரும்படி வைத்து, அதன் மேல் பப்ஸை வரிசையாக வைப்பேன். கீழேயும் காற்று போகும், அடியும் மொறுமொறுவென்று நிற்கும். கால் மணி நேரம் அப்படி இருக்கட்டும், கையால் தொட்டால் வெதுவெதுப்பு மட்டும் இருக்க வேண்டும், அப்புறம் பாக்ஸில் அடியில் டிஷ்யூ பேப்பர் போட்டு வையுங்கள். பக்கத்தில் நறுக்கிய பழமோ சட்னியோ வைக்காதீர்கள். ஏழே முக்கால் வேனுக்கு ஏழு ஐந்துக்கு மெஷினை ஆன் செய்தால் கணக்கு சரியாக இருக்கும்: முன்சூடு மூன்று, 160இல் பன்னிரண்டு, 180இல் நாலு, ஆறுவதற்கு கால் மணி நேரம்.

சிக்கன் பப்ஸைப் பள்ளிக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். இந்த வெயிலில் மூடிய பையில் இடைவேளை வரைக்கும் இருக்க வேண்டும். அதை வீட்டிலேயே சூடாகச் சாப்பிட வைத்துவிட்டு, பாக்ஸில் வெஜ் வையுங்கள். சிக்கன் சுடும்போது நடுவில் நன்றாகச் சூடேறியிருக்கிறதா என்று பாருங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி காட்ட வேண்டும், இல்லையென்றால் ஒரு பப்ஸைப் பிட்டுப் பார்த்து நடுவில் இருந்து ஆவி வருகிறதா என்று பார்த்தால் போதும்.

இனி வீட்டிலேயே செய்து ஃபிரீசரில் வைப்பது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பப்ஸ் என்றால் முட்டை பப்ஸ்தான், அதனால் எல்லோரும் அதையே செய்து உறைய வைக்கப் பார்ப்பார்கள். அவித்த முட்டையை உறைய வைத்தால் வெள்ளைக்கரு ரப்பராகி, தண்ணீர் விட்டுவிடும், அந்தத் தண்ணீர் மாவை நனைத்துவிடும். ஆகவே முட்டையை உறைய வைக்கவே வேண்டாம். கடையில் பப்ஸ் ஷீட் என்று மாவு மட்டும் உறைந்ததாகக் கிடைக்கிறது, அதை முந்தின நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மடிக்கிற பதம் வந்ததும், ராத்திரியே வெங்காய மசாலாவும் பாதி முட்டையும் வைத்து மடித்து, மூடி, ஃபிரிட்ஜிலேயே வைத்துவிடுங்கள். காலையில் மேலே பால் தடவி நேராகக் கூடைக்குப் போகலாம், உறையாமல் இருப்பதால் 160இல் பத்து நிமிடம் போதும், நிறத்துக்கு அப்புறம் கொஞ்சம். மசாலா வதக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் வற்ற வேண்டும், முழுக்க ஆறிய பிறகுதான் மாவில் வைக்க வேண்டும். சூடான மசாலாவை வைத்தால் வைத்த இடத்தில் கொழுப்பு உருகி அடி மட்டும் எழும்பாது.

உறைய வைக்க ஏற்றது உருளைக்கிழங்கு மசாலா, சிக்கன் மசாலா, அப்புறம் ஏத்தம்பழம் (நேந்திரம் பழம்). நன்றாகப் பழுத்த ஏத்தம்பழத்தைப் பொடியாக நறுக்கி நெய்யில் வதக்கி, தேங்காய்த் துருவலும் கருப்பட்டித் தூளும் போட்டு, கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிண்டி, ஏலக்காய் போட்டு ஆறவிட்டு மடித்தால் பிள்ளைகள் வேறு எதையும் கேட்க மாட்டார்கள். கருப்பட்டி இளகினால் ஓரத்தில் வழிந்து கூடையில் கருகிப் பிடிக்கும், அதனால்தான் சுருள வதக்கச் சொல்கிறேன், ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி மூடவும் வேண்டும். மடித்ததை எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று படாமல் வைத்து ஃபிரீசரில் கல்லாக்கிவிட்டு, அப்புறம் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். முதலிலேயே கவரில் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

திங்கள்சந்தை_55:

எல்லோரும் நல்ல விஷயம்தான் சொல்கிறீர்கள். ஆனால் ஏர் ஃபிரையரில் செய்வதால் எண்ணெய் இல்லாத சாப்பாடு என்று பல வீடுகளில் நினைத்துக்கொண்டு தினமும் கொடுக்கிறார்கள், அதைப் பற்றியும் எழுத வேண்டும். சமோசா, கட்லட் மாதிரி எண்ணெயில் பொரிக்கிற சாமானை இதில் சுட்டால் எண்ணெய் மிச்சம் ஆகும், உண்மை. பப்ஸ், குரோசானில் கொழுப்பு மாவுக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறது, எதில் சுட்டாலும் அது அங்கேதான் இருக்கும். வாங்கும்போது பின்பக்கத்தில் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்துவிட்டது, அது நல்ல மாற்றம். ஆனால் அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் பாமாயில் கொழுப்புதான் வருகிறது, அதிலும் நிறைவுற்ற கொழுப்பு நிறைய. வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் சரி.

மார்த்தாண்டம்_பேக்கரி:

அண்ணாச்சி சொல்வது நூற்றுக்கு நூறு சரி, பப்ஸ் விற்றுப் பிழைத்த நானே சொல்கிறேன், தினமும் சாப்பிடுகிற சாமான் இல்லை. கூடவே ஒரு அவித்த முட்டையோ சுண்டலோ கொடுத்தால் ஒரு பப்ஸோடு பிள்ளை நிறுத்திக்கொள்ளும்.

கருங்கல்_அம்மா:

எல்லோருக்கும் மனதார நன்றி. குளச்சல் தம்பி சொன்னபடி பெட்டியில் கொண்டு வந்தோம், பாக்கெட் வீட்டில் குலுக்கும்போதும் கடகடவென்றுதான் இருந்தது. 160, அப்புறம் 180, இடியாப்பத் தட்டு, எல்லாம் அப்படியே செய்தேன். பிட்டபோது அடுக்கு தாள் தாளாக வந்தது, நடுவில் மாவே இல்லை, மசாலாவில் ஆவி பறந்தது. பாக்ஸ் காலியாக வந்தது. குரோசான் பாக்கெட்டைப் படித்துப் பார்த்தால் மஸ்கட் அக்கா சொன்ன இரண்டாவது வகை, நான் 200இல் வைத்ததுதான் கருகியதற்குக் காரணம். பிளக்கும் 6 ஆம்ப்தான் இருந்தது, ஆளைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லியிருக்கிறோம். கடைசியாக ஒன்று, கூடையில் பட்டர் பேப்பர் போடலாமா? சாக்லேட் வழிந்து ஒட்டிக்கொள்கிறது. பழம்பொரியும் இதில் செய்யலாமா என்று மாமியார் கேட்கிறார்கள்.

மஸ்கட்_நாகர்கோவில்:

பேப்பர் போடலாம், ஆனால் பப்ஸோ குரோசானோ மேலே கனமாக இருக்கும்போது மட்டும். முன்சூடு செய்யும்போது வெறும் பேப்பரைப் போட்டால் ஃபேன் தூக்கிக் கம்பியில் ஒட்ட வைத்துத் தீப்பிடித்துவிடும். கூடை முழுக்க விரிக்காமல் பப்ஸ் அளவுக்கு மட்டும் வெட்டிப் போடுங்கள், ஓட்டைகள் அடைந்துவிட்டால் அடி வேகாது. ஒட்டிய சாக்லேட்டைக் கத்தியால் சுரண்டாதீர்கள், கோட்டிங் போய்விடும். வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு ஸ்பாஞ்சால் துடைத்தால் வந்துவிடும்.

தக்கலை_டீச்சர்:

பழம்பொரி இதில் வராது மக்களே. கரைத்த மாவு உறைவதற்கு முன்னாலேயே ஓட்டை வழியாக ஒழுகிவிடும், மிச்சம் இருப்பதைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். அதை எண்ணெயிலேயே பொரியுங்கள். பழத்தை மட்டும் நீளமாகக் கீறி நெய் தடவி 180இல் எட்டு நிமிடம் வைத்தால் ஓரம் சிவந்து நன்றாக இருக்கும், மாமியாருக்கு அதைச் செய்து கொடுங்கள்.